அம்மா டர்பனில், பிள்ளைகள் மூன்று நாட்டில்: வாரிசு வரி யார் தலையில்?

ரிசர்வாயர்_ஹில்ஸ் | 9 ஆகஸ்ட் 2025, இரவு 11.40

வணக்கம். தூக்கம் வராமல் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. அப்பா 2016ல் தவறிவிட்டார். நாங்கள் மூன்று பேர். அக்கா பிரான்சின் ரீயூனியன் தீவில் வாழ்க்கைப்பட்டு 17 வருடம். அண்ணன் லண்டன் போய் 14 வருடம். கடைக்குட்டி நான், அம்மாவோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில். போன வாரம் அம்மா குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டு போட்டிருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறார். அன்று ராத்திரி வாட்சப்பில் மூவரும் பேசும்போது பேச்சு "நாளைக்கு ஒன்று ஆனால்" என்ற இடத்துக்குப் போய்விட்டது. "இங்கே 40 சதவீதம் பிடுங்கிவிடுவான்" என்கிறார் அண்ணன். "இங்கே நோட்டேர் (வாரிசுப் பத்திரங்களைப் பார்க்கும் பிரெஞ்சு அதிகாரி) தனியாகக் கேட்பார்" என்கிறார் அக்கா. இங்கே 20 சதவீதம் என்று நான் எங்கோ படித்தேன். எல்லாம் கூட்டினால் 60க்கு மேல் போகிறது!

அம்மா பெயரில் இருப்பவை: நாங்கள் இருக்கும் வீடு, 2.8 மில்லியன் ராண்ட் போகும். உம்லாங்காவில் ஒரு ஃபிளாட், 2009ல் 1.1 மில்லியனுக்கு வாங்கியது, இன்று 2.4 மில்லியன். அப்பா வாங்கிப் போட்ட அமெரிக்கக் கம்பெனிப் பங்குகள், 80,000 டாலர் அளவு. அண்ணன் படித்த காலத்தில் லண்டனில் திறந்த கணக்கில் 20,000 பவுண்டு. இங்கே வங்கியில் 4 லட்சம் ராண்ட். திருவண்ணாமலைப் பக்கம் 3 ஏக்கர் நிலம், 60 லட்சம் ரூபாய் சொல்கிறார்கள். மாத ஓய்வூதியம் 12,000 ராண்ட்.

உயில் இருக்கிறது, 2017ல் எழுதியது. ஒரே ஒரு பக்கம்.

யாராவது இந்த வழியாகப் போய் வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

பீனிக்ஸ்_தம்பி | 10 ஆகஸ்ட், காலை 6.15

அண்ணே, ஒரே வழி டிரஸ்ட். எல்லாவற்றையும் டிரஸ்டில் போட்டுவிட்டால் அம்மா பெயரில் ஒன்றும் இருக்காது, வரியும் இருக்காது. எங்கள் மாமா அப்படித்தான் செய்தார்.

---

கணக்கப்பிள்ளை | 10 ஆகஸ்ட், காலை 8.50

தம்பி ரிசர்வாயர், முதலில் தூங்குங்கள். நான் முப்பது வருடம் டர்பனில் இந்தக் கணக்குகளோடு குப்பை கொட்டியவன், இப்போது ஓய்வு.

சதவீதங்களைக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு நாடும் வேறு வேறு ஆளைப் பிடிக்கிறது. தென்னாப்பிரிக்கா செத்தவரைப் பார்க்கும்: அவர் இங்கே வாழ்ந்தவரா, அப்படியானால் உலகம் முழுவதும் உள்ள சொத்துக்குக் கணக்கு. இங்கிலாந்தும் செத்தவரைத்தான் பார்க்கும். வாங்கும் பிள்ளை லண்டனில் இருக்கிறான் என்பதற்காக ஒரு பென்னி கேட்காது. அமெரிக்கா சொத்து எங்கே என்று பார்க்கும். பிரான்சு ஒன்றுதான் வாங்குகிறவரையும் பார்க்கிறது. ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம் என்பதால் அங்கேயும் அதே சட்டம். ஆகவே உங்கள் வீட்டில் கவலைப்பட வேண்டியவர் அக்கா. அண்ணன் நிம்மதியாக இருக்கலாம்.

இப்போது இங்கே உள்ள கணக்கு. எஸ்டேட் டியூட்டி, அதாவது செத்தவர் விட்டுப்போகும் மொத்தச் சொத்துக்கு (எஸ்டேட்) வரி, 20 சதவீதம், 30 மில்லியனுக்கு மேல் 25. ஆனால் முதல் 3.5 மில்லியனுக்குக் கிடையாது. கணவன் மனைவிக்கு விட்டுப்போவதற்கும் கிடையாது. அப்பா எல்லாவற்றையும் அம்மாவுக்கே எழுதியிருந்தால் அவருடைய 3.5 மில்லியன் செலவாகாமல் அப்படியே நிற்கும். அது அம்மாவின் கணக்கில் சேர்ந்துகொள்ளும். ஆக 7 மில்லியன்.

உங்கள் பட்டியலை ராண்டில் போட்டால் (டாலர் 18, பவுண்டு 24 என்று வைத்துக்கொண்டு, நிலத்தை விட்டுவிட்டு) 7.52 மில்லியன். இதில் எக்ஸிக்யூட்டர் (உயிலை நிறைவேற்றுபவர்) கட்டணம், சொத்தின் விலை ஏறியதற்கான மூலதன ஆதாய வரி, ஈமச்செலவு எல்லாம் கழியும். 7ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கும். எஸ்டேட் டியூட்டி அநேகமாகப் பூஜ்யம்.

ஆனால் ஒன்று. அந்த இரண்டாவது 3.5ஐக் கேட்க, அப்பாவின் எஸ்டேட்டுக்கு அன்று சார்ஸில் (இங்கத்திய வரித் துறை) கொடுத்த ரெவ் 267 என்ற எஸ்டேட் டியூட்டிப் படிவத்தின் நகலை இணைக்க வேண்டும். அது உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் 3.5 மில்லியனுக்கு 20 சதவீதம், 7 லட்சம் ராண்ட். ஒரு காகிதத்தின் விலை.

---

ரிசர்வாயர்_ஹில்ஸ் | 10 ஆகஸ்ட், காலை 9.05

ஐயா, அப்பா எல்லாவற்றையும் அம்மாவுக்குத்தான் எழுதினார். எஸ்டேட்டைப் பார்த்தது ஒரு வங்கி. 14 மாதம் இழுத்தார்கள், கட்டணம் முழுசாக எடுத்தார்கள், கடைசியில் ஒரு கோப்பு கொடுத்தார்கள். எங்கே வைத்தோம் என்று தேடுகிறேன்.

---

சாட்ஸ்வர்த்_பேரன் | 10 ஆகஸ்ட், மதியம் 1.20

மூன்று நாட்டுச் சொத்தெல்லாம் எங்கள் வீட்டில் இல்லை. 1860ல் ட்ரூரோ கப்பல் கரும்புக் காட்டுக்கு ஆள் கொண்டுவந்தபோது ஆரம்பித்த குடும்பம் எங்களுடையது, தாத்தா விட்டுப்போன சொத்து ஒரு குத்துவிளக்கும் இரண்டு அண்டாவும். ஆனால் எங்களுக்கு வந்த தொல்லையைச் சொல்கிறேன், உங்களில் பலருக்கும் இருக்கும்.

எங்கள் அப்பா அம்மா கல்யாணம் கோயிலில் தாலி கட்டி நடந்தது. அரசாங்கப் பதிவு அலுவலகமான ஹோம் அஃபேர்ஸில் பதியவே இல்லை. அந்தக் காலத்தில் யாரும் பதியவில்லை. அப்பா உயில் இல்லாமல் போனதும் மாஸ்டர் ஆபீஸில் (இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) "மனைவி என்பதற்குச் சான்று எங்கே" என்று கேட்டார்கள். ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவள் சான்று காட்ட வேண்டும்! அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சமைக்கவே இல்லை.

2008ல் டர்பன் உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது: பதியாத இந்துத் திருமணத்தில் தப்பிப்பிழைத்த துணையும் உயிலில்லா வாரிசுச் சட்டத்தில் துணைதான் என்று. அதைக் காட்டித்தான் வழி பிறந்தது. புகைப்படம், அழைப்பிதழ், ஐயரின் கடிதம் எல்லாம் கொடுத்தோம். உயில் இருந்திருந்தால் இதில் பாதி வேலை இல்லை.

---

கணக்கப்பிள்ளை | 10 ஆகஸ்ட், மதியம் 2.00

பேரன் சொன்னது முக்கியம். எஸ்டேட் டியூட்டிச் சட்டத்திலும் "துணை" என்பதில் மத முறைப்படி நடந்த திருமணம் அடங்கும். அதனால் அந்த விலக்கும் கிடைக்கும். சான்று மட்டும் சேர்த்து வையுங்கள்.

பீனிக்ஸ் தம்பிக்கு: டிரஸ்ட் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் இவர்களுக்கு வேண்டாம். வீட்டை டிரஸ்டுக்கு மாற்றினால் அது விற்பனை அல்லது தானம். விற்றால் 2.8 மில்லியனுக்குப் பத்திர மாற்று வரியே சுமார் 91,000 ராண்ட். தானம் கொடுத்தால் தான வரி 20 சதவீதம். டிரஸ்டின் வருமானத்துக்கு நேர் 45 சதவீத வரி. இதெல்லாம் கட்டி எதைத் தவிர்க்கப் போகிறோம்? பூஜ்யமாக இருக்கும் ஒரு வரியை! அதற்கு மேல், பயனாளி ஒருவர் பிரான்சில் இருந்தால் 2011லிருந்து அங்கே டிரஸ்டுக்குத் தனிச் சட்டம். அக்காவைக் கொண்டுபோய் அதில் மாட்டிவிடாதீர்கள்.

---

பீனிக்ஸ்_தம்பி | 10 ஆகஸ்ட், மதியம் 2.10

சரி சார். மாமா எவ்வளவு கட்டினார் என்று கேட்டுப்பார்க்கிறேன் 😅

---

சென்ட்_ஆந்த்ரே_மருமகள் | 10 ஆகஸ்ட், இரவு 7.45

ரீயூனியனிலிருந்து எழுதுகிறேன். நான் பிறந்தது டர்பன் பக்கம் டொங்காட். போன வருடம்தான் எங்கள் அப்பா விஷயத்தில் இதையெல்லாம் அனுபவித்தேன்.

தம்பி, உங்கள் அக்கா 17 வருடமாக இங்கே இருக்கிறார். விதி இதுதான்: வாரிசு பிரான்சில் வசிப்பவராகவும், கடந்த 10 வருடத்தில் 6 வருடமாவது இங்கே இருந்தவராகவும் இருந்தால், அம்மா எந்த நாட்டில் இருந்தாலும், சொத்து எந்த நாட்டில் இருந்தாலும், அவர் பங்குக்கு இங்கே வரி உண்டு. திருவண்ணாமலை நிலத்தின் பங்கும் சேர்த்து.

பயப்படும் அளவு இல்லை. பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வருவதில் முதல் 1,00,000 யூரோவுக்கு வரி கிடையாது. அதற்கு மேல் படிப்படியாக 5, 10, 15, பிறகு 20 சதவீதம். அந்த 20 சதவீதப் படி 5,52,324 யூரோ வரை போகிறது, சாதாரணக் குடும்பம் அதைத் தாண்டாது.

எனக்குப் பிரச்சினை வரியில் இல்லை, தேதியில்தான். ஆப்பிரிக்காவில் மரணம் நடந்தால் இங்கே கணக்குக் காட்ட ஒரு வருடம் அவகாசம். அதற்குள் கட்டவும் வேண்டும். டர்பனில் அப்பாவின் எஸ்டேட் ஒரு வருடத்தில் முடியவே இல்லை. கைக்கு ஒரு ராண்ட் வராத பணத்துக்கு நான் இங்கே கடன் வாங்கி வரி கட்டினேன். வீட்டுக்காரர் முகத்தை ஒரு மாதம் பார்க்க முடியவில்லை.

---

ரிசர்வாயர்_ஹில்ஸ் | 10 ஆகஸ்ட், இரவு 8.20

அக்கா, இதை என் அக்காவுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். தென்னாப்பிரிக்காவில் கட்டியதை அங்கே கழித்துக்கொள்ள முடியாதா?

---

சென்ட்_ஆந்த்ரே_மருமகள் | 10 ஆகஸ்ட், இரவு 8.40

பிரான்சுக்கு வெளியே உள்ள சொத்துக்கு அந்த நாட்டில் கட்டிய வாரிசு வரியைக் கழிக்கலாம். ஆனால் கணக்கப்பிள்ளை ஐயா சொல்வதுபோல் அங்கே டியூட்டி பூஜ்யம் என்றால், கழிக்க என்ன இருக்கிறது?

---

ஜோபர்க்_ராசா | 11 ஆகஸ்ட், காலை 7.30

இந்தியாவில் 1985லேயே எஸ்டேட் டியூட்டியை எடுத்துவிட்டார்கள். நில விஷயத்தில் டென்ஷன் வேண்டாம் நண்பா. அதோடு, இங்கே குடியேறுவதற்கு முன்னால் வாங்கிய வெளிநாட்டுச் சொத்துக்குத் தென்னாப்பிரிக்காவிலும் டியூட்டி கிடையாது. எங்கள் கம்பெனியில் நாங்கள் எல்லாரும் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறோம்.

---

கணக்கப்பிள்ளை | 11 ஆகஸ்ட், காலை 9.15

ராசா சொல்வது பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

விலக்கு இரண்டு வழியில் வரும். ஒன்று, இங்கே முதல்முறை குடியேறுவதற்கு முன்பே அந்த ஆள் வாங்கியிருக்க வேண்டும். இரண்டு, குடியேறிய பிறகு வந்தது என்றால், அன்றைய தேதியில் தென்னாப்பிரிக்காவில் வசிக்காத ஒருவரிடமிருந்து வாரிசாகவோ தானமாகவோ வந்திருக்க வேண்டும்.

தம்பி ரிசர்வாயர், அந்த நிலம் யாருடையது? அப்பா ஊரில் வாங்கி, 2016ல் அப்பாவிடமிருந்து அம்மாவுக்கு வந்தது என்றால், இறக்கும்போது அப்பா டர்பன்வாசி. அப்பாவுக்கு இருந்த விலக்கு அவரோடு போயிற்று. அம்மாவின் எஸ்டேட்டில் அது சேரும். சேர்ந்தால் 7 மில்லியனைத் தாண்டுவீர்கள். பட்டா யார் பெயரில்?

---

ரிசர்வாயர்_ஹில்ஸ் | 11 ஆகஸ்ட், மாலை 6.30

அம்மாவிடம் கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள், "அது உங்கப்பன் வீட்டு நிலமில்ல, எங்கப்பன் வீட்டு நிலம்" என்றார். கட்டுப்போட்ட கையை உயர்த்தி.

2004ல் தாத்தா காலமானபோது அம்மாவுக்கு வந்த பங்கு. தாத்தா ஊரை விட்டு வெளியே போனதே இல்லை, சென்னைக்கே இரண்டு முறைதான் போயிருக்கிறார். பட்டா அம்மா பெயரில்.

---

கணக்கப்பிள்ளை | 11 ஆகஸ்ட், மாலை 6.50

அப்படியானால் விலக்கு உண்டு. தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றிதழ், பட்டா நகல், வில்லங்கச் சான்று நான்கையும் ஒரே உறையில் போடுங்கள்.

---

ஜோபர்க்_ராசா | 11 ஆகஸ்ட், இரவு 7.10

ஐயா, நான் எங்கள் நிலத்தை அப்பா பெயரிலேயே வைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். தனியாகப் பேசவேண்டும் உங்களோடு.

இன்னொன்று, இது உறுதியாகத் தெரியும்: நிலம் விவசாய நிலம் என்றால் வெளிநாட்டில் உள்ள ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளி) பிள்ளைகளுக்கு உயிரோடு இருக்கும்போது தானப் பத்திரம் எழுதக்கூடாது. வாரிசாக மட்டும்தான் வாங்கமுடியும். விற்று வரும் பணத்தை வெளியே எடுக்க வருடத்துக்கு 10 லட்சம் டாலர் வரை வங்கி வழியாக அனுமதி, அது 3 ஏக்கருக்குத் தாராளம்.

---

லண்டன்_குளிர் | 11 ஆகஸ்ட், இரவு 10.30

ரிசர்வாயரின் அண்ணனுக்கு: 40 சதவீதம் என்பது இங்கே 3,25,000 பவுண்டுக்கு மேல். அதுவும் அம்மா இங்கே நீண்ட நாள் வசித்தவராக இருந்தால்தான் உலகச் சொத்துக்கு. 2025 ஏப்ரல் 6லிருந்து "டொமிசைல்" (நிரந்தரத் தாயகம் எது) என்ற பழைய பேச்சு போய், 20 வருடத்தில் 10 வருடம் வசித்தாரா என்பதுதான் கேள்வி. அம்மா வருடத்துக்கு ஒரு மாதம் பேரனைப் பார்க்க வருவது கணக்கில் வராது. அவருடைய இங்கிலாந்துச் சொத்து 20,000 பவுண்டு மட்டும். ஒன்றும் கிடையாது.

ஆனால் அண்ணன் தன்னைப் பற்றி யோசிக்கட்டும். 14 வருடம் ஆகிவிட்டது. நாளைக்கு அவருக்கு ஒன்று ஆனால் டர்பனில் கிடைத்த பங்கும் சேர்த்து உலகச் சொத்து முழுவதும் இங்கிலாந்தின் கணக்கில் வரும். நாட்டை விட்டுப் போனாலும் சில வருடம் வால் போலத் தொடரும். இதைச் சொன்னால் என் மனைவி "வாயில நல்ல வார்த்தையே வராதா" என்கிறாள்.

---

கணக்கப்பிள்ளை | 12 ஆகஸ்ட், காலை 8.30

இப்போது அமெரிக்கா. யாரும் கவனிக்காத மூலையில் இருக்கும் பாம்பு அதுதான்.

அமெரிக்கக் குடிமகன் என்றால் மில்லியன் கணக்கில் விலக்கு. நம்மைப் போன்ற வெளியாளுக்கு 60,000 டாலர்தான். அமெரிக்கக் கம்பெனிப் பங்கு, நீங்கள் டர்பனில் உட்கார்ந்து வாங்கினாலும் அமெரிக்கச் சொத்து. அம்மாவிடம் 80,000. பலர் "மீதிக்கு 40 சதவீதம்" என்று பயமுறுத்துவார்கள். கீழ்ப்படியில் 26 சதவீதம்தான், 20,000க்கு 5,200 டாலர். 1947லேயே இரு நாட்டுக்கும் எஸ்டேட் வரி ஒப்பந்தம் இருக்கிறது, அதையும் அப்போது பார்ப்பார்கள். வரியை விடப் பெரிய தலைவலி, ஒன்பது மாதத்துக்குள் அங்கே படிவம் போட்டு, அவர்கள் சான்று தரும் வரை தரகர் பங்கை விடமாட்டார்.

வழி எளிது. அம்மா இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக விற்று 60,000க்குக் கீழே கொண்டுவாருங்கள். 2025 கணக்கில் வருடத்துக்கு 40,000 ராண்ட் ஆதாயத்துக்கு இங்கே வரி இல்லை, அந்த அளவில் விற்றால் நோகாது. அதே பங்குகளை வாங்கும், அயர்லாந்தில் பதிந்த நிதிகள் இருக்கின்றன. அவை அமெரிக்கச் சொத்து ஆகாது.

---

பீனிக்ஸ்_தம்பி | 12 ஆகஸ்ட், காலை 9.40

சார், அக்காவுக்கு ரீயூனியனில் வரி வருகிறதே, அதற்கு அம்மா இப்போதே அவர் பங்கைக் கொடுத்துவிட்டால்? லண்டனில் ஏழு வருடம் தாண்டினால் தானத்துக்கு வரியே இல்லை என்கிறார்களே.

---

கணக்கப்பிள்ளை | 12 ஆகஸ்ட், காலை 10.20

லண்டன் சட்டம் லண்டனுக்கு. இங்கே கொடுப்பவர் 2025 கணக்கில் வருடத்துக்கு 1,00,000 ராண்ட் வரை கொடுக்கலாம், மேலே போனால் 20 சதவீதம் தான வரி. ஏழு வருடக் கணக்கு இங்கே கிடையாது. அம்மா அக்காவுக்கு 2 மில்லியனை இன்று அனுப்பினால் 3,80,000 ராண்ட் சார்ஸுக்கு. பூஜ்யமாக இருக்கும் இடத்தில் நாமே போய் வரியைக் கூப்பிட்டு உட்கார வைப்பது!

---

சென்ட்_ஆந்த்ரே_மருமகள் | 12 ஆகஸ்ட், மதியம் 12.15

ஐயா, அந்த வருடத்துக்கு 1,00,000 ராண்டை வைத்தே ஒன்று செய்யலாம். எங்கள் நோட்டேர் சொல்லித் தெரிந்தது, எனக்குக் காலம் கடந்துவிட்டது.

பிரான்சில் பெற்றவர் 80 வயதுக்குக் கீழே இருந்து, வயது வந்த பிள்ளைக்குப் பணமாகக் கொடுத்தால் 15 வருடத்துக்கு 31,865 யூரோ வரை தனி விலக்கு. இது அந்த 1,00,000 யூரோவைத் தொடாது, அதற்கு மேல். அம்மாவுக்கு 71. ஒரு யூரோ 20 ராண்ட் என்று வைத்தால் வருடம் 1,00,000 ராண்ட் என்பது 5,000 யூரோ. ஆறு வருடம் கொடுத்தால் 30,000. அப்போது அம்மாவுக்கு 77, எல்லைக்குள். இரண்டு நாட்டிலும் வரி இல்லை. ஒவ்வொரு முறையும் பணம் வந்த ஒரு மாதத்துக்குள் இங்கே வரி அலுவலகத்தில் பதிய வேண்டும், அதை மறந்தால் பலன் போச்சு.

---

கணக்கப்பிள்ளை | 12 ஆகஸ்ட், மதியம் 1.40

மருமகளம்மா, பிரமாதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 7 மில்லியனை மூன்றாகப் பிரித்தால் அக்காவுக்கு 1,16,000 யூரோ, நிலத்தில் 20,000. ஆக 1,36,000. விலக்குப் போக 36,000க்கு வரி, 5,400 யூரோ அளவு. 30,000ஐ முன்கூட்டிக் கொடுத்து, உயிலில் "இது அவள் பங்கில் சேர்ந்தது" என்று ஒரு வரி எழுதினால், வரி 300 யூரோவாக இறங்கும்.

ரிசர்வாயர் தம்பி, இதைவிடப் பெரிய செலவு உங்கள் கண்ணில் படவே இல்லை. எக்ஸிக்யூட்டர் கட்டணம் மொத்தச் சொத்துக்கு 3.5 சதவீதம், 7.52 மில்லியனுக்கு 2,63,000 ராண்ட், வாட் பதிந்தவர் என்றால் அதற்கு மேல் 15 சதவீதம். கடனைக் கழிக்காமல் மொத்தத்துக்குப் போடுவார்கள். இது பேரம் பேசக்கூடிய தொகை, பேசுங்கள். உங்கள் பெயரையே எக்ஸிக்யூட்டராகப் போட்டு, வேலையை ஒரு வழக்கறிஞரிடம் பேசிய தொகைக்குக் கொடுக்கலாம். அண்ணனைப் போடாதீர்கள், வெளிநாட்டில் இருப்பவரிடம் மாஸ்டர் பிணை கேட்பார்.

அடுத்தது மூலதன ஆதாய வரி. இறந்த அன்று எல்லாவற்றையும் விற்றதாகவே கணக்கு. 2025 கணக்கில் குடியிருந்த வீட்டில் 2 மில்லியன் ஆதாயம் கழியும், இறந்த வருடத்துக்கு இன்னொரு 3 லட்சம் கழியும். ஃபிளாட்டின் 1.3 மில்லியன், வீட்டில் 2 மில்லியன் போக ஒரு 3.5 லட்சம், பங்கில் ஒரு 5 லட்சம் என்று வைத்தால், ஓய்வூதியத்தோடு சேர்ந்து சுமார் 2,30,000 ராண்ட் வரி. ஆக கட்டணமும் வரியுமாக 5 லட்சம் ரொக்கம் தேவை, வங்கியில் இருப்பது 4. கையில் பணம் இல்லாத எஸ்டேட்டில் என்ன நடக்கும் தெரியுமா? ஃபிளாட்டை அவசரத்துக்கு விற்பார்கள். எஸ்டேட்டின் பெயரில் பணம் வரும்படி சிறிதாக ஒரு ஆயுள் காப்பீடோ, அந்த விற்கும் பங்குப் பணமோ, இங்கே நிற்கட்டும்.

---

சாட்ஸ்வர்த்_பேரன் | 12 ஆகஸ்ட், மாலை 5.30

உயிலைப் பற்றி ஒன்று. எங்கள் பெரியம்மா வீட்டில் உயிலுக்கு மருமகனே சாட்சிக் கையெழுத்துப் போட்டார், பேனா கையில் இருந்ததால். சாட்சியோ சாட்சியின் துணையோ உயிலில் பங்கு வாங்கக்கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. மகளுக்கு எழுதிய அந்த வீடு கோர்ட்டுக்குப் போய்த்தான் வந்தது.

---

லண்டன்_குளிர் | 12 ஆகஸ்ட், இரவு 9.50

அம்மா இந்தியாவில் தனி உயில் எழுதியிருக்கிறாரா? கேட்பதற்குக் காரணம், 2017 உயிலில் முதல் வரியே "முந்தைய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்" என்று இருக்கும். எல்லாரும் அச்சில் வைத்திருக்கும் வரி. திருவண்ணாமலையில் 2010ல் ஒன்று எழுதியிருந்தால் அதைக் கொன்றுவிடும். இரண்டு உயில் வைப்பதாக இருந்தால் ஒவ்வொன்றும் "இந்த நாட்டுச் சொத்துக்கு மட்டும்" என்று பேச வேண்டும்.

---

ரிசர்வாயர்_ஹில்ஸ் | 13 ஆகஸ்ட், காலை 7.00

இப்போதுதான் உயிலை எடுத்துப் பார்த்தேன். முதல் வரி அதேதான். ஊரில் எழுதியது இல்லை, தப்பித்தோம்.

அக்கா ஒரு கேள்வி கேட்கிறாள். கை உடைந்ததிலிருந்து அம்மாவை ரீயூனியனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்கிறாள், நிரந்தரமாக. அப்போது?

---

சென்ட்_ஆந்த்ரே_மருமகள் | 13 ஆகஸ்ட், காலை 8.10

தாராளமாகக் கூட்டிப் போகட்டும், ஆனால் ஆட்டமே மாறும். இங்கே குடியிருந்து காலமானால் மூன்று பிள்ளைகளின் பங்கும் பிரான்சின் வரிக்குள் வரும், லண்டன் அண்ணன் பங்கும் உங்கள் பங்கும் சேர்த்து. அதோடு, பிரெஞ்சுச் சட்டத்தில் மூன்று பிள்ளைகள் இருந்தால் சொத்தில் முக்கால் பங்கு அவர்களுக்கென்று ஒதுக்கியது, பெற்றவர் இஷ்டத்துக்கு எழுத முடிவது கால்தான். 2015 ஆகஸ்ட் 17லிருந்து ஐரோப்பிய விதிப்படி, தான் எந்த நாட்டுக் குடிமகளோ அந்த நாட்டு வாரிசுச் சட்டமே பொருந்தும் என்று உயிலில் எழுதிவைக்கலாம். அதனால் பங்கு பிரிப்பது மாறும், வரி மாறாது.

வருடத்தில் மூன்று மாதம் வந்து இருக்கட்டும் என்று சொல்லுங்கள். மழைக்காலத்தைத் தவிர்த்து.

---

ரிசர்வாயர்_ஹில்ஸ் | 16 ஆகஸ்ட், இரவு 9.15

கிடைத்தது!

அப்பாவின் கோப்பு வீட்டுக் கோப்புகளில் இல்லை. அம்மா "அது சாமி ரூம்ல இருக்கும்" என்றார். பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில், கற்பூர டப்பாவுக்கும் பழைய பஞ்சாங்கங்களுக்கும் நடுவில், பிஸ்கட் டின் ஒன்று. உள்ளே நாங்கள் மூவரின் பள்ளி மதிப்பெண் அட்டைகள், ஹோம் அஃபேர்ஸ் திருமணச் சான்று, அதற்கும் கீழே விபூதி படிந்த ரெவ் 267, முத்திரையோடு. ஓரத்தில் அப்பாவின் கையெழுத்து இல்லை, அவர் போன பிறகு வந்த காகிதம். அம்மாவின் கையெழுத்துதான். ஸ்கேன் செய்து மூன்று பேருக்கும் அனுப்பிவிட்டேன். அண்ணன் "இந்தக் காகிதம் 7 லட்சமா" என்று நான்கு முறை கேட்டார்.

உயிலைத் திருத்த வழக்கறிஞரிடம் போனோம். அம்மாவின் வலது கை கட்டில். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தால் உறுதிமொழி ஆணையர் ஒருவர் சான்று எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அம்மா "நான் பி.ஏ. படிச்சவ, கைநாட்டு வைக்க மாட்டேன்" என்று எழுந்துவிட்டார்.

---

கணக்கப்பிள்ளை | 16 ஆகஸ்ட், இரவு 9.40

அம்மா சொல்வதே சரி. கட்டு எப்போது பிரிக்கிறார்கள்?

---

ரிசர்வாயர்_ஹில்ஸ் | 21 செப்டம்பர், மாலை 4.30

தாமதமாக எழுதுகிறேன். கட்டு பிரித்து ஒன்பது நாள். நேற்று கையெழுத்தானது. நான்கு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும். சாட்சிக்கு எதிர்வீட்டுக்காரரும் அவர் தங்கையும், இரண்டு பேருக்கும் எங்கள் சொத்தில் ஒரு தேங்காய் கூடக் கிடையாது. முதல் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து கொஞ்சம் நடுங்கியது, நான்காம் பக்கத்தில் பழையபடி வளைவெல்லாம் வந்துவிட்டது.

அக்காவுக்கு முதல் 1,00,000 ராண்ட் இந்த வாரம் போகிறது. அவள் நாட்காட்டியில் ஒரு மாதத்தைச் சிவப்பில் வட்டமிட்டு எனக்குப் படம் அனுப்பினாள்.

வெளியே வரும்போது அம்மா வழக்கறிஞரிடம் கேட்ட கடைசிக் கேள்வி: "என் தாலிக்கொடியை மூத்த மருமகளுக்குக் கொடுக்கிறதா இல்ல பொண்ணுக்கா, அதுக்கு உங்க சட்டத்துல என்ன போட்டிருக்கு?" அவர் சிரித்து, தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அம்மா இன்னும் எழுதவில்லை.

---

பீனிக்ஸ்_தம்பி | 21 செப்டம்பர், மாலை 5.05

அண்ணே, மாமாவிடம் கேட்டேன். டிரஸ்டுக்குக் கட்டியதைச் சொல்ல மாட்டேன் என்கிறார்.